உங்கள் ஆபீஸ் வைஃபையில் யார் யார்?

திருநின்றவூரில் ஸ்டேஷன் பக்கமும் சி.டி.எச். சாலையிலும் உள்ள சிறு அலுவலகங்களில் நாலு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு வைஃபை மோடம் இருந்தால் வேலை நடந்துவிடும். மோடம் மாட்டியவர் வைத்த பாஸ்வேர்டே பல இடங்களில் இன்றும் ஓடுகிறது. வேலையை விட்டுப் போன பையனின் போனிலும் அது இருக்கும். "வைஃபை கொஞ்சம் கொடுங்க சார்" என்று வாடிக்கையாளர் கேட்டால் மறுக்க நமக்கு வாய் வராது.

இதில் என்ன ஆபத்து? 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர் குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்கள் முன் டி.வி. சேனல்களுக்கு மிரட்டல் மின்னஞ்சல் போனது. ஐ.பி. முகவரியைப் பிடித்துக்கொண்டு போலீஸ் போய் நின்றது, நவி மும்பையில் ஓர் அமெரிக்கர் குடியிருந்த ஃபிளாட்டில். அவருடைய வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். செப்டம்பர் 13 டெல்லி குண்டுவெடிப்பிலும் அதே கதை. இம்முறை மும்பை செம்பூரில் ஒரு தனியார் நிறுவனத்தின் வைஃபை. இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ, அவரிடம்தான் விசாரணை முதலில் வரும்.

சரி, நம் கருவிகளை மட்டும் அனுமதிப்போம் என்றால், பலரும் சொல்லும் வழி மேக் ஃபில்டர். ஒவ்வொரு கருவிக்கும் 12 இலக்க மேக் முகவரி உண்டு; பட்டியலில் இருப்பதை மட்டும் மோடம் சேர்க்கும். இதை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான். பாஸ்வேர்டு இருந்தாலும் மேக் முகவரி காற்றில் மறைக்கப்படாமலே போகிறது. இலவச மென்பொருளால் யாரும் அதைப் படித்து, தன் லேப்டாப்புக்கு அதே முகவரியைச் சூட்டிக்கொள்ளலாம். போதாக்குறைக்கு, இன்றைய போன்கள் தனியுரிமைக்காகப் போலி மேக் முகவரியைக் காட்டுகின்றன. ஆபீஸ் வைஃபைக்கு மட்டும் அந்த வசதியை அணைக்காவிட்டால் உங்கள் ஊழியரே வெளியே நிற்பார்.

உண்மையான பூட்டு, டபிள்யூ.பி.ஏ.2 அல்லது 3 முறையில் நீளமான பாஸ்வேர்டு. ஊழியர் விலகும் நாளிலேயே அதை மாற்றுங்கள். மோடத்தின் அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றி, பட்டனை அழுத்தியே இணைக்கும் டபிள்யூ.பி.எஸ். வசதியை அணையுங்கள். வந்துபோவோருக்கு கெஸ்ட் வைஃபை கொடுத்தால் உங்கள் ஃபைல்கள் தப்பும். ஆனால் வெளியே தெரிவது அதே ஐ.பி. முகவரிதான். வேண்டியபோது மட்டும் திறப்பது நல்லது.

உங்களுக்குச் சட்டமும் துணை. அனுமதியின்றி நெட்வொர்க்கில் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43-ஆம் பிரிவில் வருகிறது, இழப்பீடு கேட்கலாம். 5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கையை மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளர் தீர்ப்பு அதிகாரியாக விசாரிப்பார். நேர்மையற்ற நோக்கம் இருந்தால் 66-ஆம் பிரிவின்படி 3 ஆண்டு சிறை, 5 லட்சம் ரூபாய் அபராதம் வரை போகும். கடமையும் உண்டு: ஊடுருவல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனங்கள் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் உத்தரவு. பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் கிரைம் உதவி எண்ணை அழையுங்கள். மற்றவற்றுக்கு ஆவடி காவல் ஆணையரகத்தின் சைபர் கிரைம் பிரிவு.

இன்று அலுவலகத்தைப் பூட்டுமுன் மோடத்தில் இணைந்துள்ள கருவிகளின் பட்டியலைப் பாருங்கள். தெரியாத பெயர் இருந்தால் முதலில் அதைப் படம் எடுங்கள், பிறகு பாஸ்வேர்டை மாற்றுங்கள். அவசரத்தில் மோடத்தை ரீசெட் செய்தால், புகாருக்கு வேண்டிய சாட்சியும் போய்விடும்.