சியில் எழுதி, பைத்தனில் அழைத்து

கண்டி நகருக்கு அருகே, மகாவலி ஆற்றின் கரையில் இருக்கிறது பேராதனைப் பல்கலைக்கழகம். அங்கே கணினிப் பொறியியல் படித்த ஹசிந்து கமஆரச்சியும் ஹிருண சமரக்கோனும் சிட்னியில் சக ஆய்வாளர்களுடன் சேர்ந்து உருவாக்கியது 'ஸ்லோ5' என்ற கோப்பு வடிவம். 2022இல் 'நேச்சர் பயோடெக்னாலஜி' இதழில் அது வெளிவந்தது.

டி.என்.ஏ.வைப் படிக்கும் கருவியில், நுண்துளை ஒன்றின் வழியே அதன் இழை நழுவும்போது மின்னோட்டம் ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தை எண்களாகச் சேமிப்பதே ஸ்லோ5. ஒரு மனித மரபணுத் தொகுதியில் மெத்தில் குறிகளைத் தேட, பழைய 'ஃபாஸ்ட்5' கோப்புகளில் இரண்டு வாரங்களுக்கு மேல் பிடித்தது. ஸ்லோ5இல் சுமார் 10.5 மணி நேரம் போதுமாயிற்று.

இந்த வடிவத்தைப் படித்து எழுதும் லைப்ரரி சி மொழியில் அமைந்தது. உயிரியல் ஆய்வாளர்களில் பலருக்கோ பழகிய மொழி பைத்தன். முழுவதையும் பைத்தனில் திருப்பி எழுதினால் வேகம் போய்விடும். அதனால் இடையில் ஒரு மெல்லிய உறை எழுதப்பட்டது. நிரலாளர்கள் இதை 'ரேப்பர்' என்பார்கள். இங்கே அதன் பெயர் 'பைஸ்லோ5'.

ரேப்பர் பெரிய கணக்கு எதையும் போடுவதில்லை. ஆனாலும் அதன் பொறுப்பு பெரிது.

முதலாவது, உருமாற்றம். பைத்தனில் ஓர் எண்கூடத் தன் வகையையும் தன்னைப் பயன்படுத்துவோரின் எண்ணிக்கையையும் சுமந்திருக்கும் ஒரு பொருள். சிக்கு அது வெறும் சில பைட்டுகள். கோப்பின் பெயரைக் கொடுத்தால், அதைப் பூச்சியத்தில் முடியும் பைட் வரிசையாக மாற்றித்தான் சியிடம் தர வேண்டும்.

இரண்டாவது, பிழை. கேட்ட பதிவைச் சி லைப்ரரி கோப்பில் கண்டுபிடிக்காவிட்டால் எதிர்க்குறி எண் ஒன்றைத் திருப்பித் தந்து நின்றுவிடும். அதை ஒவ்வொரு முறையும் சோதித்து, பைத்தன்காரருக்குப் புரியும் பிழைச் செய்தியாக்குவது ரேப்பரின் வேலை.

மூன்றாவது, நினைவகம். இதில்தான் அனுபவசாலிகளும் சறுக்குவார்கள். சி கேட்டு வாங்கிய இடத்தைப் பைத்தனின் தானியங்கித் துப்புரவு அறியாது. விடுவிக்க மறந்தால், இலட்சக்கணக்கான பதிவுகளைப் படிக்கும்போது நினைவகம் நிரம்பிவிடும். அவசரப்பட்டு விடுவித்தால், பைத்தன் கையில் வைத்திருக்கும் எண் அணி (array), வேறெதற்கோ போய்விட்ட இடத்தைச் சுட்டிக்கொண்டிருக்கும்.

மொழி எல்லையைத் தாண்டும் ஒவ்வொரு அழைப்புக்கும் நேரம் செலவாகும். எண்ணை ஒவ்வொன்றாக அனுப்பினால் சியின் வேகமெல்லாம் வழியிலேயே கரைந்துவிடும். எனவே பைஸ்லோ5 ஒரு பதிவின் மின்னோட்ட எண்கள் முழுவதையும் பைத்தனின் எண் லைப்ரரியான 'நம்பை'யின் ஒரே அணியாகத் தருகிறது. பல பதிவுகளைத் தொகுதியாகக் கேட்டால், உள்ளே சி பல செயல் இழைகளில் (thread) ஒரே நேரத்தில் படித்து முடிக்க, ஆய்வாளர் எழுத வேண்டியது பைத்தனில் சில வரிகள் மட்டுமே.