ஒப்பிடும் முறை

ஒளி மங்கிய மண்டபத்தில் படமெடுப்போர் டிஜிட்டல் கேமராவின் ஐ.எஸ்.ஓ. எண்ணை உயர்த்துவர். அது மின்குறிப்பைப் பெருக்குமேயன்றி ஒளியைப் பெருக்காது. அப்போது படத்தில் மணல் தூவினாற்போன்ற புள்ளிகள் தோன்றும். இக்குறையை 'இரைச்சல்' என்பர்.

இதன் காரணம் யாது? ஒளி துகள் துகளாக வருவது. கேமராவின் உணரியிலுள்ள பிக்சல் ஒன்றில் சராசரியாக 10,000 துகள்கள் விழுந்தால், ஏற்றத்தாழ்வு ஏறக்குறைய 100. அது நூற்றில் ஒரு பங்கே. 100 துகள்களே விழுந்தால், ஏற்றத்தாழ்வு 10. அதுவோ பத்தில் ஒரு பங்கு. ஆதலின் ஒளி குறையக் குறைய இரைச்சல் மிகுந்து தோன்றும்.

2008ஆம் ஆண்டில் நிக்கான் டி700, கேனான் 5டி மார்க் 2 என்னும் இரு கேமராக்கள் வெளிவந்தன. இரண்டின் உணரிகளும் ஏறத்தாழ 36 மி.மீ. நீளமும் 24 மி.மீ. அகலமும் உடையன. முன்னதில் 121 இலட்சம் பிக்சல்கள். பின்னதில் 211 இலட்சம். ஒரே நிலத்தைப் பலர் பங்கிட்டால் ஒவ்வொருவர் பங்கும் சிறுகும் அன்றோ? ஆதலின், பிக்சல்களைத் திரையில் பெரிதாக்கி நோக்குவோர் கேனானிலேயே இரைச்சல் மிகுதி என்பர். ஆயின் இரு படங்களையும் ஒரே அளவுத் தாளில் அச்சிட்டு நோக்கினால், சிறு புள்ளிகள் தம்முள் கலந்து, அவ்வேற்றுமை பெரிதும் குறையும்.

கேமராக்கள் மாறவில்லை, அளவுகோலே மாறியது. இரண்டனுள் உயர்ந்தது எது எனத் தீர்ப்புரைக்குமுன், இரண்டையும் ஒரே கோலால் அளத்தல் வேண்டும். அதுவே நடுவுநிலைமை.