அம்மாக்களின் காவல்

ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ 1966இல் ஆனந்த விகடனில் வந்தபோது வாசகர்கள் பலரை உறுத்தியது அந்த அம்மாதான். மழையில் பஸ்ஸுக்கு நின்ற கல்லூரிப் பெண்ணைக் காரில் ஏற்றிப்போய்க் கெடுத்தவன் பேர்கூடத் தெரியாமல் கதையிலிருந்து நழுவிவிடுகிறான். விதவைத் தாயோ முதலில் அலறுகிறாள், அடிக்கிறாள். பிறகு மகளின் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். அக்கம்பக்கத்தார் வாயையும் அடைத்துவிடுகிறாள்.

அந்தக் காலத்துக்கு அது பெரிய துணிச்சல். ஆனாலும் கழுவ வேண்டும் என்றால் கறை பட்டது உண்மை என்றாகிறதே! தாயின் கருணையும் தீட்டுக் கணக்கைத் தாண்டவில்லை. அந்த அம்மா வாயை மூடாமல் ஊரைக் கூட்டியிருந்தால்? ஜெயகாந்தனே ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலில் அதை எழுதினார். நாவலில் கங்கா என்று பெயர் பெறும் அந்தப் பெண்ணை அண்ணன் வீட்டைவிட்டு விரட்டுகிறான். ஆதரித்துப் படிக்கவைத்த மாமாவே அவள்மேல் கண் வைக்கிறார். சிறுகதையில் கண்ணில் படாத ஆண்கள் நாவலில் வரிசையாக வந்து நிற்கிறார்கள். 1972இல் அதற்கு சாகித்ய அகாதெமி விருது.

அம்பையின் ‘அம்மா ஒரு கொலை செய்தாள்’ சிறுகதை, ‘அக்கினிப் பிரவேசம்’ அம்மாவின் கருணைக்கு நேர் எதிர்ப்பக்கம். எண்ணெய் தேய்த்து, ஆசையாகக் குளிப்பாட்டிய அம்மா ஊரில் இல்லாத நாளில் சிறுமி பெரியவளாகிறாள். சுற்றியிருப்பவர்கள் சொல்வதெல்லாம் கிலியூட்ட, அம்மா வந்து விளக்குவாள் என்று காத்திருக்கிறாள். கறுப்பு என்பதற்காக உறவுப் பெண்ணொருத்தியை மாப்பிள்ளை வீட்டார் தட்டிக்கழித்த கசப்போடு வந்த அம்மா, இதற்குள் என்ன அவசரம் என்று சுமையாகப் பேசிவிடுகிறாள். கல்யாணச் சந்தையின் தீர்ப்பு அவள் வாய்வழியே மகள்மேல் இறங்குகிறது.

அம்பையின் இன்னொரு கதையான ‘காட்டில் ஒரு மான்’ காட்டும் தங்கம் அத்தை பூப்படையவே இல்லை. மருந்து கொடுக்கிறார்கள், அதிர்ச்சியில் உடம்பு வழிக்கு வரும் என்று இருட்டில் பயமுறுத்தியும் பார்க்கிறார்கள். வைத்தியம் செய்தவர்கள் எல்லோரும் அவளுக்கு நல்லதுதான் நினைத்தார்கள், அதுதான் கொடுமை. ஒரு கட்டத்தில் போதும் என்கிறாள். புருஷனுக்கு இரண்டாம் கல்யாணமும் செய்துவைக்கிறாள். குழந்தைகளுக்கு அவள் சொல்லும் கதையில், வேறு காட்டில் வழிதவறிய மான் பயந்து அலைந்து, பிறகு அந்தக் காட்டையே தனதாக்கிக்கொள்கிறது. இரண்டு அம்மாக்கள், ஒரு அத்தை என்ற இந்த மூவரில் எனக்குக் கலகக்காரியாகத் தெரிபவள் அத்தைதான். புருஷனுக்கு இரண்டாம் கல்யாணம் செய்துவைத்தவளைக் கலகக்காரி என்பதா என்று சண்டைக்கு வருகிறவர்கள் வரட்டும்.