ஆள்கூறுகளால் வரையப்பட்ட எல்லை: பாக்கு நீரிணை

நிலநேர்க்கோடு (அட்சரேகை), நிலநிரைக்கோடு (தீர்க்கரேகை) ஆகிய இரண்டின் அளவுகளைக் கொண்டு புவியின் மேல் ஓர் இடத்தைக் குறிப்பது ஆள்கூறு எனப்படும். ஓர் இடத்தைக் குறிக்க ஓர் ஆள்கூறு போதும். பல ஆள்கூறுகளை வரிசையாக இணைத்தால் அது ஓர் எல்லையாகிறது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே பாக்கு நீரிணையில் உள்ள கடல் எல்லை இம்முறையில் வரையறுக்கப்பட்டதாகும்.

ஆள்கூறு முறை

நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே அல்லது தெற்கே உள்ள கோண அளவை நிலநேர்க்கோடு காட்டுகிறது. கிரீன்விச் வழியாகச் செல்லும் முதன்மைக் கோட்டிலிருந்து கிழக்கே அல்லது மேற்கே உள்ள கோண அளவை நிலநிரைக்கோடு காட்டுகிறது. ஒரு பாகை (டிகிரி) 60 கலைகளாகவும் (நிமிடம்), ஒரு கலை 60 விகலைகளாகவும் (வினாடி) பிரிக்கப்படும்.

நிலநேர்க்கோட்டில் ஒரு கலை என்பது ஏறத்தாழ ஒரு கடல் மைல், அதாவது சுமார் 1,852 மீட்டர் ஆகும். நிலநிரைக்கோடுகள் துருவங்களை நோக்கிச் செல்லச் செல்ல நெருங்கி வருவதால், அவற்றில் ஒரு கலையின் தொலைவு இடத்துக்கு இடம் மாறும். பாக்கு நீரிணைப் பகுதியில் அது ஏறத்தாழ 1,830 மீட்டர்.

நிலத்திலும் கடலிலும்

நில எல்லைகளுக்கும் இம்முறை பயன்படுகிறது. ஐக்கிய அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையிலான எல்லையின் மேற்குப் பகுதி, 1818, 1846 ஆண்டுகளின் உடன்பாடுகளின்படி 49° வடக்கு நிலநேர்க்கோட்டைப் பின்பற்றுகிறது. ஆனால் அக்கால அளவாய்வுக் கருவிகளைக் கொண்டு நடப்பட்ட எல்லைக்குறிகள் பல இடங்களில் அக்கோட்டிலிருந்து விலகியுள்ளன. இன்று அக்குறிகளை இணைக்கும் கோடே அங்கு எல்லையாகக் கொள்ளப்படுகிறது.

நிலத்தில் ஐயம் எழுந்தால் எல்லைக்கல்லைப் பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாம். கடலில் கல் நட முடியாது. அங்கு எல்லை, உடன்பாட்டில் எழுதப்பட்ட எண்களிலும் அதனுடன் இணைக்கப்பட்ட வரைபடத்திலும் மட்டுமே உள்ளது.

1974 உடன்பாடு

1974 சூன் 26 அன்று கொழும்பிலும் சூன் 28 அன்று புது தில்லியிலும் கையெழுத்தான உடன்பாடு, பாக்கு நீரிணை முதல் ஆதாம் பாலம் வரையிலான எல்லையை ஆறு புள்ளிகளால் வரையறுத்தது. இந்தியா சார்பில் இந்திரா காந்தியும் இலங்கை சார்பில் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கையெழுத்திட்டனர். அப்புள்ளிகள் வருமாறு:

1. 10°05.0' வடக்கு, 80°03.0' கிழக்கு
2. 09°57.0' வடக்கு, 79°35.0' கிழக்கு
3. 09°40.15' வடக்கு, 79°22.60' கிழக்கு
4. 09°21.80' வடக்கு, 79°30.70' கிழக்கு
5. 09°13.0' வடக்கு, 79°32.0' கிழக்கு
6. 09°06.0' வடக்கு, 79°32.0' கிழக்கு

இப்புள்ளிகளைப் பெருவட்ட வில்கள் இணைக்கும் என்று உடன்பாடு கூறுகிறது. பெருவட்ட வில் என்பது உருண்டையின் மேல் இரு புள்ளிகளுக்கு இடையிலான மிகக் குறுகிய பாதை. புள்ளிகளை மட்டும் குறிப்பிட்டு, எவ்வகைக் கோட்டால் இணைப்பது என்று சொல்லாமல் விட்டால் பின்னாளில் அதுவே சிக்கலாகலாம். ஆயினும் இங்குள்ள குறுகிய தொலைவுகளில், வரைபடத்தில் இழுக்கும் நேர்க்கோட்டுக்கும் பெருவட்ட வில்லுக்கும் சில மீட்டர்களே வேறுபாடு. எல்லையின் மொத்த நீளம் ஏறத்தாழ 85 கடல் மைல்கள். ஐந்தாம், ஆறாம் புள்ளிகளின் நிலநிரைக்கோடு ஒன்றே என்பதால் அப்பகுதியில் எல்லை நேர் வடக்குத் தெற்காகச் செல்கிறது.

கச்சத்தீவு ஏறத்தாழ 9°23' வடக்கு, 79°31' கிழக்கில் உள்ளது. நான்காம் புள்ளிக்குச் சற்று வடக்கே, தீவின் மேற்குக் கரையிலிருந்து சுமார் ஒரு மைல் தள்ளி எல்லைக்கோடு செல்கிறது. எனவே தீவு கோட்டுக்குக் கிழக்கே, இலங்கையின் பக்கம் அமைகிறது.

1976 மார்ச் 23 அன்று கையெழுத்தான மற்றோர் உடன்பாடு, மேற்கண்ட ஆறாம் புள்ளியிலிருந்து மன்னார் வளைகுடாவிலும், முதற்புள்ளியிலிருந்து வங்காள விரிகுடாவிலும் எல்லையை நீட்டித்தது. அதே நாளில் பரிமாறப்பட்ட கடிதங்கள், ஒரு நாட்டின் மீன்பிடிக் கலங்கள் மற்ற நாட்டின் கடற்பரப்பில் வெளிப்படையான அனுமதியின்றி மீன்பிடிக்கலாகாது எனக் கூறின.

எண்களைப் படிக்கும் முறை

மூன்றாம் புள்ளியின் 09°40.15' என்பது 40 கலையும் 15 விகலையும் அன்று. புள்ளிக்குப் பின் வருவது கலையின் தசமப் பகுதி. 0.15 கலை என்பது 9 விகலை மட்டுமே. ஆகவே அதன் சரியான வடிவம் 9°40'09". பாகையின் தசமமாக எழுதினால் 9.66917°. ஜி.பி.எஸ். கருவிகளில் இம்மூன்று வடிவங்களும் கிடைக்கும். கருவி ஒரு வடிவத்தில் இருக்க, எண்ணை வேறு வடிவத்தில் பதிந்தால் இடம் மாறிவிடும். மேற்சொன்ன எண்ணை 40'15" எனப் பதிந்தால் புள்ளி சுமார் 185 மீட்டர் வடக்கே நகரும்.

மற்றொரு பிழை, புவியின் வடிவம் பற்றிய கணக்கிலிருந்து வருகிறது. இந்தியாவின் பழைய நிலப்படங்கள் எவரெஸ்ட் 1830 என்னும் நீளுருண்டையை அடிப்படையாகக் கொண்டவை. இன்றைய ஜி.பி.எஸ். பயன்படுத்துவது டபிள்யூ.ஜி.எஸ். 84. ஒரே ஆள்கூறு இவ்விரு அடிப்படைகளிலும் நூறு மீட்டருக்கும் மேல் விலகிய இடங்களைக் குறிக்கக்கூடும். எனவே எந்த அடிப்படையில் அளந்தது என்று தெரியாத ஆள்கூறு முழுமையானதன்று.

கடலில் எல்லையை அறிதல்

படகில் உள்ள கருவி, படகு நிற்கும் இடத்தைக் காட்டும். எல்லையின் எப்பக்கம் நிற்கிறது என்பதைக் கணக்கிட்டே அறிய வேண்டும். காட்டாக, ஒரு படகு 9°30' வடக்கில் இருப்பதாகக் கொள்வோம். இது மூன்றாம், நான்காம் புள்ளிகளுக்கு இடைப்பட்ட பகுதி. அங்கு எல்லைக்கோடு ஏறத்தாழ 79°27.1' கிழக்கில் செல்கிறது. படகின் நிலநிரைக்கோடு 79°25' என்றால் அது இந்தியப் பக்கம். 79°29' என்றால் இலங்கைப் பக்கம். இரண்டுக்கும் இடைவெளி சுமார் 7 கிலோமீட்டர்.

இதே 79°27.1' ஐ எல்லை என்று நினைவில் வைத்துக்கொண்டு தெற்கே செல்பவர், கச்சத்தீவுக்கு நேராக வரும்போது எல்லைக்குச் சுமார் 3 கடல் மைல் மேற்கே இருப்பார். வடக்கே செல்பவருக்கோ நிலை நேர்மாறானது. 9°40.15' வடக்கில் எல்லை 79°22.60' என்பதால், அவர் எல்லையைத் தாண்டி 4 கடல் மைலுக்கும் மேல் இலங்கைப் பக்கம் சென்றிருப்பார். கோடு சாய்ந்து செல்வதால் ஒற்றை எண் எங்கும் எல்லையாகாது. ஆறு புள்ளிகளையும் கருவியில் பதிந்து கோடாக இணைத்து வைப்பதே சரியான முறை.

மணிக்கு 8 கடல் மைல் வேகத்தில் செல்லும் விசைப்படகு ஒரு கடல் மைலை எட்டு நிமிடங்களுக்குள் கடந்துவிடும். இரவில் வலை இழுக்கும்போது நீரோட்டமும் காற்றும் படகைத் தள்ளும். மீன் கூட்டத்துக்கு இக்கோடு தெரியாது, கண்ணுக்கும் புலப்படாது. ஆனால் கோட்டைக் கடந்ததாகக் கருதப்படும் படகு கைப்பற்றப்படுவதும் அதிலுள்ளோர் கைது செய்யப்படுவதும் இந்த எண்களை வைத்தே முடிவாகின்றன. எல்லை மீறல் பற்றிய வழக்குகளில், படகு நின்ற இடத்தின் ஆள்கூறு எந்தக் கருவியில், எந்த நேரத்தில், எந்த வடிவத்தில் பதிவாயிற்று என்பது முதன்மையான கேள்வியாகிறது.