எதிர்மலை வெளிச்சமும் விண்மீன் வெளிச்சமும்

பொழுது சாய்ந்த பிறகு டயகம பசாரில் நின்று எதிர்மலையைப் பார்த்தால் இருட்டுக்குள் ஒரு வெளிச்சம் தெரியும். அது கிட்டத்தில் குறுக்குப் பாதையால் யாரோ பிடித்து வரும் டோர்ச்சா, தூரத்துத் தேயிலைத் தொழிற்சாலையின் பெரிய விளக்கா? மலையைப் பழகியவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள். ஊருக்குப் புதியவர்களால் சொல்ல முடியாது. கண்ணுக்கு வந்து சேர்வது வெளிச்சம் மட்டும்தான், தூரம் அதனோடு சேர்ந்து வருவதில்லை.

வானத்தைப் பார்க்கும்போது நாம் எல்லோரும் ஊருக்குப் புதியவர்கள்தாம். ரோகிணி என்ற விண்மீனை எடுத்துக்கொள்வோம். கார்த்திகைக் கூட்டத்தின் பின்னாலேயே எழுந்து வருவதால் அரபியர் அதற்கு 'அத்தபரான்', பின்தொடர்வது, என்று பெயரிட்டார்கள். உலகம் இன்றும் அந்தப் பெயரைத்தான் திரித்து வழங்குகிறது. அதே காலத்து வானில் எப்சிலன் எரிடானி என்று மங்கலான இன்னொரு விண்மீனும் உண்டு. இரண்டும் செம்மஞ்சள் சாயல் கொண்டவை. பிரகாசமான ரோகிணிதான் நமக்குக் கிட்ட இருக்கிறது என்று கண் சொல்லும். உண்மையோ நேர்மாறு. எப்சிலன் எரிடானி சுமார் 10.5 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது, ரோகிணி சுமார் 65 ஒளியாண்டு தூரத்தில். முன்னையது சூரியனைவிடச் சிறியது. பின்னையது சூரியனைப்போல் நாற்பது மடங்குக்கும் மேற்பட்ட விட்டம் கொண்ட அரக்கன்.

இந்த இரண்டையும் ஒளியை மட்டும் வைத்து எப்படிப் பிரித்தறிவது? அதற்கு விடை கண்ட இருவரில் ஒருவர், தமிழ்நாட்டு மலைகளோடு தம் வாழ்வைப் பிணைத்துக்கொண்ட வைணு பாப்பு.

பாப்பு 1927இல் சென்னையில் பிறந்தார். தந்தை ஹைதராபாத்தின் நிஸாமியா வானாய்வகத்தில் உதவியாளராக இருந்தார். அந்த ஆய்வகமே ஓர் ஆர்வலரின் ஆசையில் பிறந்ததுதான். நவாப் ஸபர் ஜங் என்ற பிரபு தம் சொந்த ஈடுபாட்டால் தொலைகாட்டி வாங்கித் தொடங்கிவைத்தார், பின்னர் நிஸாமின் அரசு அதைப் பொறுப்பேற்றது. அங்கே வளர்ந்த பாப்பு மாணவராக இருக்கும்போதே ஒளி மாறும் விண்மீன்களைக் கவனித்துக் கட்டுரை எழுதினார். 1949இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்குப் போன சில மாதங்களிலேயே ஒரு வால்வெள்ளியைக் கண்டார். அது பாப்பு, பொக், நியூகேர்க் என்ற மூவரின் பெயரையும் தாங்குகிறது. வால்வெள்ளிக் கதையைத்தான் எல்லோரும் விரும்பிச் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரியதாகத் தெரிவது அவர் பிறகு செய்த பொறுமையான வேலை.

சூரிய ஒளியை அரியத்தால் விரித்தால் வானவில் நிறங்கள் வரும். நன்றாக விரித்துப் பார்த்தால் அந்த நிறப்பட்டியின் குறுக்கே கறுப்புக் கோடுகள் தெரியும். 1814இல் ஜேர்மனியின் பிரௌன்ஹோபர் இவற்றை நூற்றுக்கணக்கில் வரைந்து வைத்தார். ஒவ்வொரு மூலகமும் தனக்கென்று குறித்த அலைநீளங்களில் மட்டும் ஒளியை உறிஞ்சும் அல்லது வெளிவிடும் என்பது 1859ஐ அண்டித் தெளிவாயிற்று. ஆகவே கோட்டின் இடத்தைக் கொண்டு அங்கே என்ன மூலகம் இருக்கிறது என்று அறியலாம். கோடு சற்று நகர்ந்திருந்தால் அந்த விண்மீன் நம்மை நோக்கி வருகிறதா, விலகுகிறதா என்று கணக்கிடலாம்.

பாப்புவும் அமெரிக்கரான ஒலின் வில்சனும் பார்த்தது கோட்டின் இடத்தை அல்ல, அகலத்தை. ஊதாப் பக்கத்தில் 393.4 நனோமீற்றரில் கல்சியத்தின் அகன்ற கறுப்புக் கோடு ஒன்று உண்டு. செம்மஞ்சள், சிவப்பு விண்மீன்கள் பலவற்றில் அந்தக் கறுப்புக்கு நடுவே மெல்லிய ஒளிக்கோடு ஒன்று தெரியும். விண்மீனின் மேற்பரப்புக்கு மேலே உள்ள சூடான வளிப்படையில் அது பிறக்கிறது. 185 விண்மீன்களில் அந்த ஒளிக்கோட்டின் அகலத்தை அளந்தபோது ஓர் ஒழுங்கு புலப்பட்டது. சிறிய விண்மீனில் கோடு ஒடுக்கம், அரக்க விண்மீனில் அகலம். விண்மீனின் உண்மையான பிரகாசம் கூடக் கூடக் கோடும் அகன்றுகொண்டே போனது. 1957இல் இது வெளியாயிற்று. இன்று வில்சன்-பாப்பு விளைவு என்பார்கள்.

இதன் பயனைக் கவனியுங்கள். அகலத்தை அளந்தால் விண்மீன் உண்மையில் எவ்வளவு பிரகாசம் என்று தெரியும். நமக்கு எவ்வளவு பிரகாசமாகத் தெரிகிறது என்பதை நேரடியாக அளக்கலாம். தூரம் இரு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகும் என்று நமக்குத் தெரியும். மூன்றையும் சேர்த்தால் தூரம் கிடைத்துவிடும். எதிர்மலையில் தெரிவது டோர்ச்சா தொழிற்சாலை விளக்கா என்பதை வெளிச்சமே சொல்லிவிடுகிறது!

1960இல் கொடைக்கானல் வானாய்வகத்தின் பொறுப்பை ஏற்ற பாப்பு, இரவு வானத்துக்கு ஏற்ற இடம் தேடி ஜவ்வாது மலையில் உள்ள காவலூரைத் தெரிவு செய்தார். நகர வெளிச்சம் குறைந்த இடம், வட வானையும் தென் வானையும் பெருமளவு பார்க்கத்தக்க அகலக்கோடு. இன்னும் தெற்கே இருக்கும் டயகமவுக்கும் இந்த இரண்டும் உண்டு. மூட்டம்தான் நம் பிரச்சினை.

"இதெல்லாம் பாடத்தில் வருமா?" என்று வாப்பா கேட்டார். பெற்றோர் பலர் கேட்கும் கேள்விதான். உயர்தரப் பௌதிகவியல் ஆய்வுகூடத்தில் அரியத்தை வைத்து நாம் திருப்பித் திருப்பிப் பார்க்கும் திருசியமானி இந்தக் கருவியின் தங்கைதான் என்றேன்.

வீட்டிலும் செய்து பார்க்கலாம். பழைய இறுவட்டில் 1.6 மைக்ரோமீற்றர் இடைவெளியில் நுண்ணிய தடங்கள் ஓடுகின்றன. அவையே ஒளியை நிறங்களாக விரிக்கும். மூடிய அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தில் இரண்டு பிளேடுகளால் மெல்லிய பிளவு அமைத்து, எதிர்ப்பக்கத்தில் இறுவட்டைச் சாய்வாக வைத்து, மேலே ஒரு துளையிட்டுக் கைத்தொலைபேசியால் படம் எடுக்க வேண்டும். சூரியனை நோக்கி மட்டும் ஒருபோதும் திருப்பக் கூடாது, வெண்மேகத்தின் ஒளியே போதும். டியூப் லைட்டைப் பார்த்தால் அதிலுள்ள இரசத்தின் கோடுகள் பளிச்சென்று நிற்கும். நீலக்கோடு 435.8 நனோமீற்றர், பச்சைக்கோடு 546.1. எல்ஈடீ குமிழில் இப்படிக் கோடுகள் வராது.

படத்தை அப்படியே வைத்திருந்தால் அது அழகான படம் மட்டுமே. அளந்தால்தான் ஆய்வு. உதாரணமாக நீலக்கோடு 400ஆவது பிக்சலிலும் பச்சைக்கோடு 731ஆவது பிக்சலிலும் விழுந்ததாக வைப்போம். 331 பிக்சலுக்கு 110.3 நனோமீற்றர், அதாவது ஒரு பிக்சலுக்கு ஏறத்தாழ மூன்றில் ஒன்று. பெட்டியையும் தொலைபேசியையும் அசைக்காமல், உப்புத் தூவிய சுவாலையை அடுத்துப் படமெடுத்தால் அதன் மஞ்சள் கோடு 860ஆவது பிக்சலை ஒட்டி விழ வேண்டும். கணக்கிட்டால் 589 வரும். அது சோடியம்.

பாப்பு அளந்த அகலங்கள் 0.1 நனோமீற்றர் மட்டத்தில் இருப்பவை. நம் பெட்டியின் ஒரு பிக்சலுக்குள்ளேயே அவை அடங்கிவிடும். அதற்குப் பெரிய தொலைகாட்டி வேண்டும். மொரட்டுவை, கட்டுபெத்தையில் உள்ள ஆதர் சி. கிளார்க் நிறுவகத்தில் 45 சென்ரிமீற்றர் தொலைகாட்டி ஒன்று இருக்கிறது.

அதற்கு முன் அந்த இரண்டு விண்மீன்களையும் வெறுங்கண்ணால் பார்த்து வைத்துக்கொள்ளலாம். ஜனவரி கடைசியில் மூட்டமில்லாத ஓர் இரவு, இஷாவுக்குப் பிறகு எட்டு மணியளவில் வெளியே வந்து அண்ணாந்து பாருங்கள். உச்சிக்குச் சற்று வடக்கே செம்மஞ்சளாய்த் தெரிவது ரோகிணி. உச்சியிலிருந்து தென்மேற்காகக் கொஞ்சம் இறங்கினால், தேடித்தான் பிடிக்க வேண்டிய மங்கல் புள்ளி ஒன்று இருக்கும். அதுதான் கிட்ட இருப்பது.