ரிப்ஸ் குடுக்கிறதா, விடுகிறதா? சாப்பிடப் போகிறவரும் வேலைக்குப் போகிறவரும் அறிய வேண்டியவை



கனடாவுக்கு வந்து சில கிழமைகளுக்குள் எல்லோருக்கும் வருகிற ஒரு சின்னச் சிக்கல் ரிப்ஸ். புவாண்ட்-கிளேரில் சென் ஜோன் புல்வார்ட் நெடுகிலும், ஃபெயர்வியூ கடைத்தொகுதியிலும், ஏரிக்கரைப் பக்கத்துப் பழைய கிராமப் பகுதியிலும் நிறையச் சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன. உங்களில் சிலர் அங்கே சாப்பிடப் போவீர்கள். பலர் வேலை தேடிப் போவீர்கள். கார்ட் மெஷினை உங்கள் கையில் தரும்போது அது 15, 18, 20 வீதம் என்று கேட்கும். பக்கத்தில் பரிமாறியவர் நிற்பார். எதை அமத்துவது?

இதைப்பற்றி ஆளுக்கொரு கதை சொல்லுவினம். யார் சொல்வது எந்த இடத்துக்குச் சரி, கியூபெக்கில் சட்டம் என்ன சொல்கிறது, அந்தக் காசு யாருக்குச் சொந்தம் என்பதை இங்கே விளக்குகிறோம். கடைசிக் கேள்விதான் முக்கியமானது. ஏனென்றால் நாளைக்கு நீங்களே பரிமாறுகிறவராக இருக்கலாம்.

சொந்தக்காரர் சொல்லுகிற கதைகள்

பாரிஸில் இருக்கிற அண்ணன் "அதெல்லாம் தேவையில்லை, சில்லறையை விட்டிட்டு வா" என்பார். பிரான்சில் சாப்பாட்டு விலைக்குள்ளேயே சேவைக் கட்டணம் அடங்கியிருக்கிறது. ஆகவே அவர் சொல்வது அங்கே சரி.

இலண்டனில் இருக்கிற மச்சான் "அது பில்லிலேயே வரும்" என்பார். அங்கே பல உணவகங்கள் சேவைக் கட்டணத்தைப் பில்லில் சேர்த்துவிடுகின்றன. அந்தக் காசு முழுவதும் தொழிலாளிக்கே போய்ச்சேர வேண்டும் என்ற சட்டம் பிரித்தானியாவில் 2024 ஒக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

ரொறன்ரோவில் இருக்கிற அக்கா "இங்கே வெயிற்றர்மாருக்கும் மற்றவர்களுக்கும் ஒரே அடிப்படைச் சம்பளம்தானே" என்பார். அதுவும் சரி. ஒன்ராறியோவில் 2022 சனவரி 1 முதல் மதுபானம் பரிமாறுகிறவர்களுக்கு இருந்த குறைந்த சம்பள வீதம் எடுக்கப்பட்டுவிட்டது.

ஊரிலே, தேத்தண்ணிக் கடையில் ரிப்ஸ் என்ற பேச்சே இல்லை. பெரிய ஹோட்டலில் பில்லோடு 10 வீத சேவைக் கட்டணம் வரும். மனம் இருந்தால் "சந்தோசம்" என்று ஏதோ வைப்போம்.

இவர்கள் ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் இருப்பது கியூபெக். இங்கே கணக்கு வேறு.

கியூபெக்கில் ஏன் இவ்வளவு எதிர்பார்க்கினம்?

கியூபெக்கில் இரண்டு அடிப்படைச் சம்பளம் இருக்கிறது. 2025 மே 1 இல் வந்த வீதத்தின்படி பொதுவான அடிப்படைச் சம்பளம் மணித்தியாலத்துக்கு 16.10 டொலர். ரிப்ஸ் பெறும் தொழிலாளிக்கு 12.90 டொலர். வித்தியாசம் 3.20 டொலர். (இந்தத் தொகைகள் வழக்கமாக ஒவ்வொரு மே 1 ஆம் திகதியும் மாறும். வேலை தொடங்கும்போது அந்த நேரத்து வீதத்தைக் கேட்டு அறியுங்கள்.)

கிழமைக்கு 30 மணித்தியாலம் வேலை செய்கிற ஒருவரைப் பாருங்கள். பொதுவான வீதத்தில் அவருக்கு 483 டொலர் வரும். ரிப்ஸ் வீதத்தில் 387 டொலர். மிச்சம் 96 டொலரை வாடிக்கையாளர் தருவார் என்று சட்டமே எதிர்பார்க்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. 1998 முதல் உணவகத் தொழிலாளிகள் தங்களுக்குக் கிடைத்த ரிப்ஸை முதலாளிக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். அறிவித்த தொகை, அவர் ரிப்ஸோடு பரிமாறிய விற்பனையில் 8 வீதத்துக்குக் குறைவாக இருந்தால், முதலாளி குறைகிற தொகையையும் அவருடைய வருமானமாகக் கணக்கில் போடுவார். 500 டொலர் விற்பனைக்கு 8 வீதம் 40 டொலர். அவர் 30 டொலர் என்று அறிவித்தால் இன்னும் 10 டொலர் சேர்க்கப்படும். அதற்கும் வரி. ஆகவே பல மேசைகள் ஒன்றும் வைக்காமல் போனால் கைக்கு வராத காசுக்கும் அவர் வரி கட்ட வேண்டி வரலாம்.

பிரெஞ்சில் ரிப்ஸுக்கு "புர்புவார்" என்று பெயர். "குடிப்பதற்கு" என்பது அதன் சொற்பொருள். பெயர் அப்படி இருந்தாலும் இங்கே அது பலருக்கு வீட்டு வாடகைக் காசு.

சாப்பிடப் போனால் எவ்வளவு?

ரிப்ஸ் கொடுக்கத்தான் வேண்டும் என்று சட்டம் இல்லை. கொடுக்காவிட்டால் குற்றமும் இல்லை. பொலிசுக்குச் சொல்லவோ உங்கள் அகதிக் கோரிக்கையில் எழுதவோ அதில் ஒன்றும் இல்லை. பில் காசு மட்டும் கட்டாயம். ஆனால் மேசைக்கு வந்து பரிமாறுகிற உணவகத்தில் வரிக்கு முந்திய விலையில் 15 வீதம் வைப்பது இங்கே வழக்கம். நல்ல கவனிப்பு என்றால் சிலர் 18, 20 வைப்பினம்.

கணக்குப் பார்க்க ஒரு சுகமான வழி: பில்லில் இரண்டு வரி இருக்கும். ரி.பி.எஸ். 5 வீதம், ரி.வி.கியூ. 9.975 வீதம். இரண்டையும் கூட்டினால் ஏறக்குறைய 15 வீதம். அந்தத் தொகையையே ரிப்ஸாக வைத்தால் சரி. சாப்பாடு 40 டொலர் என்றால் வரி 2.00 உம் 3.99 உம், மொத்தம் 45.99. ரிப்ஸ் 6 டொலர்.

முன்பு பல மெஷின்கள் வரியும் சேர்ந்த 45.99 டொலரில் 15 வீதம் கணக்குப் போட்டன. அப்போது 6.90 வரும். வரிக்கும் சேர்த்து ரிப்ஸ்! கியூபெக் தேசிய சபை 2024 நவம்பரில் நிறைவேற்றிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதை நிறுத்தியது. 2025 மே 7 முதல், மெஷினில் காட்டுகிற ரிப்ஸ் வீதங்களை வரிக்கு முந்திய விலையில்தான் கணக்கிட வேண்டும். ஒரு தெரிவை மட்டும் பெரிதாகக் காட்டி உங்களைத் தள்ளவும் கூடாது. நீங்கள் விரும்பிய தொகையை நீங்களே அமத்தலாம். பூச்சியமும் ஒரு தொகைதான்.

கூட்டமாகப் போனால் சில இடங்களில் பில்லிலேயே சேவைக் கட்டணம் போட்டிருப்பினம். பில்லை வாசியுங்கள். அது இருந்தால் மேலே இன்னொரு தரம் ரிப்ஸ் வைக்கத் தேவையில்லை.

எங்கே தேவையில்லை?

கவுண்டரில் நின்று ஓடர் கொடுத்து, முதலில் காசு கட்டி, தட்டை நீங்களே தூக்கிக்கொண்டு போகிற இடத்தில் ரிப்ஸ் எதிர்பார்ப்பு மிகக் குறைவு. அங்கேயும் மெஷின் கேட்கத்தான் செய்யும். வெட்கப்பட வேண்டாம். அப்படியான கடையில் குறைந்த ரிப்ஸ் வீதம் செல்லாது; அங்கே வேலை செய்கிறவருக்கு முழு அடிப்படைச் சம்பளம் கொடுக்க வேண்டும். கையில் காசு மட்டாக இருக்கிற நாளில் இப்படியான கடையில் சாப்பிடுவது நல்லது. மேசையில் இருந்து சாப்பிட்டுவிட்டு ஒன்றும் வைக்காமல் வருவதைவிட இது இரண்டு பேருக்கும் நிம்மதி.

குசினியில் நிற்பவர் என்ன சொல்லுகிறார்?

எங்கள் ஆட்கள் பலர் தொடங்குவது குசினியில்தான். கோப்பை கழுவுகிற வேலை, மரக்கறி வெட்டுகிற வேலை, பிறகு சமையல். அவர்கள் கேட்கிற கேள்வியும் நியாயமானது: "சாப்பாடு ருசி என்று சொல்லித்தானே காசு வைக்கினம்? சமைத்தது நாங்கள், காசு முன்னுக்கு நிற்பவருக்கா?"

சட்டம் சொல்வது இதுதான். ரிப்ஸ் பரிமாறிய தொழிலாளிக்குச் சொந்தம். அவர்கள் தாங்களாக விரும்பி ஒன்றுகூடிப் பகிரலாம், குசினிக்கும் ஒரு பங்கு வைக்கலாம். பல இடங்களில் அப்படி நடக்கிறது. ஆனால் முதலாளி "இப்படிப் பிரியுங்கோ" என்று கட்டாயப்படுத்தவோ, அந்தப் பேச்சில் தலையிடவோ முடியாது.

உணவக முதலாளிகளின் சங்கம் இந்த விதியை மாற்றச் சொல்லி நீண்ட காலமாகக் கேட்டு வருகிறது. குசினிக்கும் முன்பகுதிக்கும் வருமான இடைவெளி கூடிவிட்டது, சமையலுக்கு ஆள் பிடிக்க முடியவில்லை என்பது அவர்கள் கட்சி. மற்றப் பக்கத்தார் சொல்வது: சமையல்காரருக்குக் கூடுதல் சம்பளம் கொடுக்க வேண்டியது முதலாளி, அதை வெயிற்றரின் காசில் இருந்து எடுக்கக்கூடாது. ரிப்ஸையே ஒழித்து எல்லோருக்கும் முழுச் சம்பளம் கொடுத்து, விலையைக் கூட்டுவோம் என்பவர்களும் இருக்கினம்.

எது சரி என்று நீங்களே யோசியுங்கள். ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். குசினியில் நிற்கிற உங்களுக்கு வழமையாக ரிப்ஸ் கிடைப்பதில்லை என்றால், உங்களுக்குக் குறைந்த ரிப்ஸ் வீதத்தைக் கொடுக்க முடியாது. முழு வீதம் தர வேண்டும்.

நீங்கள் பரிமாறும் வேலைக்குப் போனால்

பின்வருவனவற்றை வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

1. "சம்பளம் இல்லை, ரிப்ஸ் மட்டும்" என்பது சட்டவிரோதம். பழகுகிற நாட்களுக்கும் சம்பளம் உண்டு. ரிப்ஸைக் கணக்கில் எடுக்காமலே அடிப்படைச் சம்பளத்தைத் தர வேண்டும்.

2. கார்ட்டில் வந்த ரிப்ஸை முதலாளி வாங்கினாலும் முழுவதையும் உங்களுக்குத் தர வேண்டும். கார்ட் கொம்பனிக்குப் போகிற செலவை உங்கள் தலையில் கட்ட முடியாது. பில்லில் போட்ட சேவைக் கட்டணமும் ரிப்ஸ்தான், உங்களுக்குத்தான்.

3. யாராவது காசு கட்டாமல் ஓடினால், கோப்பை உடைந்தால், முதலாளி தன்பாட்டில் உங்கள் சம்பளத்தில் வெட்ட முடியாது. சட்டம் அனுமதித்த கழிவுகளைத் தவிர மற்றவற்றுக்கு உங்கள் எழுத்துமூல சம்மதம் தேவை. கொடுத்த சம்மதத்தைப் பிறகு திரும்ப எடுக்கவும் முடியும். விளங்காத கடுதாசியில் கையெழுத்து வைக்க வேண்டாம்.

4. சம்பளத்துண்டில் நீங்கள் அறிவித்த ரிப்ஸ் தனியாகக் காட்டப்பட வேண்டும். ஒவ்வொரு நாளும் திகதி, மணித்தியாலம், கிடைத்த ரிப்ஸ் மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். பிரச்சினை வந்தால் அந்தக் கொப்பி கைகொடுக்கும்.

ரிப்ஸை மறைக்கலாமா?

"கைக்காசுதானே, ஆர் கேட்கிறது?" என்று சிலர் சொல்லுவினம். கேட்காதீர்கள். அறிவித்த ரிப்ஸ் உங்கள் வருமானமாக எழுதப்படும். விடுமுறைக் காசு, வேலை போனால் வருகிற காப்புறுதி, பிள்ளை பிறந்தால் வருகிற கொடுப்பனவு, வேலையில் காயப்பட்டால் வருகிற நட்டஈடு எல்லாம் அந்தத் தொகையைச் சேர்த்துத்தான் கணக்கிடப்படும். மறைத்தால் இவை எல்லாம் குறையும்.

நீங்கள் வெல்ஃபெயர் எடுப்பவராக இருந்தால் இன்னும் கவனம். ரிப்ஸும் வருமானம்தான். ஒவ்வொரு மாதமும் அறிவியுங்கள். மறைத்தது பிறகு தெரிந்தால் எடுத்த காசைத் திருப்பிக் கட்டச் சொல்லுவினம்.

முதலாளி ரிப்ஸை எடுத்தால் யாரிடம் போவது?

தொழிலாளர் உரிமைகளைக் கவனிக்கிற கியூபெக் அரச நிறுவனம் சி.என்.இ.எஸ்.எஸ்.ரி. தொலைபேசி 1 844 838-0808. முறைப்பாடு செய்யக் காசு இல்லை. சம்பளம், ரிப்ஸ் பாக்கிக்கு ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். உரிமையைக் கேட்டதற்காக வேலையால் நிறுத்தினால் 45 நாட்களுக்குள் முறையிட வேண்டும். நாளைக் கடத்தாதீர்கள்.

"கேஸ் முடியாமல் இருக்கு, முறைப்பாடு செய்தால் பிரச்சினை வருமோ?" என்று பலர் பயப்படுகிறார்கள். சில முதலாளிகள் இந்தப் பயத்தை நம்பித்தான் காசை எடுக்கிறார்கள். உங்கள் கோரிக்கையை விசாரிப்பது குடிவரவு அகதிகள் சபை. ஊரில் உங்களுக்கு என்ன ஆபத்து என்பதுதான் அங்கே கேள்வி. சம்பளத் தகராறு வேறு நிறுவனத்தின் வேலை. தொழில் நியமச் சட்டம் குடிவரவு நிலை எதுவாக இருந்தாலும் தொழிலாளியைப் பாதுகாக்கிறது. வேலை அனுமதி வருமுன் வேலை செய்தவர்கள் மட்டும், முதலில் தங்கள் லோயரிடமோ எங்களிடமோ கதைத்துவிட்டு அடுத்த அடியை வைக்கவும்.

அடுத்த தரம் மெஷின் கைக்கு வரும்போது பயப்படாமல் பில்லைப் பாருங்கள், வசதிக்கு ஏற்ற மாதிரி வையுங்கள். நீங்கள் பரிமாறுகிற பக்கத்தில் நின்றால், மேசையில் வைத்த காசு உங்களுடையது என்பதை மறக்காதீர்கள். சம்பளத்துண்டு விளங்காவிட்டால் அதையும் உங்கள் கொப்பியையும் எங்கள் அலுவலகத்துக்குக் கொண்டுவாருங்கள். இருந்து தமிழில் வாசித்துப் பார்ப்போம்.