நெடும்பயணத்திற்கு எந்த சைலன்சர்?

மாணவர்களே, உங்கள் அண்ணன் விடுமுறையில் கோலாலம்பூரிலிருந்து ஜொகூர் பாருவுக்கு மோட்டார் சைக்கிளில் போகப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய 330 கிலோமீட்டர். புறப்படும் முன் எக்சோஸ்ட் குழாயின் சைலன்சரை மாற்ற ஆசைப்படுகிறார். பட்டறைக்காரர் முறுக்கிக் காட்டுகிறார். 'டும் டும்' என்று கனத்த சத்தம். உடனே வாங்கிவிடலாமா? பள்ளியில் படித்த ஒலி அலைகளை நினைவுபடுத்திக்கொண்டால் நீங்களே பதில் சொல்லலாம்.

இஞ்சினில் எரிந்த வாயு, வால்வு திறந்ததும் அதிக அழுத்தத்துடன் குழாய்க்குள் பாய்கிறது. ஒவ்வொரு பாய்ச்சலும் ஓர் ஒலித் துடிப்பு. நான்கு ஸ்ட்ரோக் இஞ்சினில் ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் எரியும். இரண்டு சிலிண்டர் வண்டி நிமிடத்திற்கு 4,500 சுற்று ஓடினால், வினாடிக்கு 75 சுற்று. இரு சிலிண்டர்களுக்கும் சேர்த்து வினாடிக்கு 75 துடிப்பு, அதாவது 75 ஹெர்ட்ஸ். காதுக்கு இது தாழ்ந்த உறுமல்.

வண்டியோடு வரும் சைலன்சருக்குள் பெரும்பாலும் பல அறைகள் இருக்கும். ஒலி அலைகள் அவற்றின் சுவர்களில் மோதித் திரும்பும்போது, ஓர் அலையின் மேடும் மற்றோர் அலையின் பள்ளமும் சந்தித்து ஒன்றையொன்று குறைக்கின்றன. தாழ்ந்த உறுமலையும் இம்முறையில் அடக்கலாம். ஆனால் அதற்கு இடம் வேண்டும்; அதனால்தான் அது பெரிதாகவும் கனமாகவும் இருக்கிறது.

கடையில் தனியாக விற்பவற்றில் பல வேறு வகை. துளைகள் போட்ட நேர்க்குழாய், அதைச் சுற்றிக் கண்ணாடி இழை, அவ்வளவுதான். இழைகளுக்கிடையே உராய்ந்து ஒலி ஆற்றல் வெப்பமாகிறது. கீச்சென்ற உயர் ஒலிகளை இது நன்றாக விழுங்கும். ஆனால் 75 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சாதாரணக் காற்றிலேயே 4.5 மீட்டருக்கு மேல். சூடான புகையில் இன்னும் நீளம். சில சென்டிமீட்டர் தடிமனுள்ள இழை அதை என்ன செய்யும்? பட்டறையில் அண்ணனை மயக்கிய 'டும் டும்' என்பது, அந்த இழையால் பிடிக்க முடியாமல் தப்பி வந்த ஒலிதான்!

நகருக்குள் வேகம் மாற மாற ஒலியும் மாறும். நெடுஞ்சாலையில் அப்படியல்ல. ஒரே வேகம், ஒரே உறுமல், மூன்று மணி நேரம். களைப்பு வராமல் என்ன செய்யும்?

காதையும் கணக்கில் சேருங்கள். 85 டெசிபல் ஒலியை நாளுக்கு 8 மணி நேரம் வரை கேட்கலாம் என்பது வேலையிடங்களில் பின்பற்றப்படும் அளவு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும் என்பது பரவலாகப் பயன்படும் கணக்கு. அதன்படி 94 டெசிபலுக்கு ஒரே ஒரு மணி நேரம். மணிக்கு 100 கிலோமீட்டரில் தலைக்கவசத்திற்குள் காற்றின் இரைச்சல் மட்டுமே 90 டெசிபலைத் தாண்டிவிடும். அதே அளவு சத்தம் சைலன்சரிலிருந்தும் வந்தால் இன்னொரு 3 டெசிபல் ஏறும். உட்செவியின் நுண்மயிர் உயிரணுக்கள் அழிந்தால் மீண்டும் முளைக்காது. நெடும்பயணத்தில் காதடைப்பான் கட்டாயம் என்பேன்.

"சத்தம் கூடினால் சக்தியும் கூடும்" என்பார்கள். நம்பாதீர்கள். பின்பகுதியை மட்டும் மாற்றினால் எடை குறையும், சக்தி பெரிதாகக் கூடாது. சில வண்டிகளில் நச்சுப் புகையைக் குறைக்கும் வினையூக்கி மாற்றியும் சைலன்சருக்குள்ளேயே இருக்கும். பழையதைக் கழற்றினால் அதுவும் போய்விடும். இதைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

என்னைக் கேட்டால், தொலைதூரப் பயணத்திற்கு வண்டியோடு வந்ததே போதும். மாற்றியே தீர வேண்டும் என்றால், வட்டத்துக்குள் ஆங்கில 'ஈ' எழுத்தும் ஓர் எண்ணும் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள்; ஐக்கிய நாட்டு விதிமுறைப்படி சோதித்ததற்கான அடையாளம் அது. நம் நாட்டில் வாகன இரைச்சலுக்கு 1987ஆம் ஆண்டிலிருந்தே தனி விதிமுறைகள் உண்டு. சைலன்சரின் வாயில் இருக்கும் ஒலிகுறைப்புச் செருகியைக் கழற்றி வீசும் பழக்கம் வேண்டாம். உள்ளே உள்ள இழை நாளடைவில் கருகிச் சத்தம் ஏறும் என்பதால், அதைப் புதிதாக மாற்ற முடியுமா என்றும் விசாரியுங்கள்.

வாங்குவதற்கு முன், அதே சைலன்சர் பொருத்திய நண்பரின் வண்டியில் அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் பின்னால் உட்கார்ந்து வரச் சொல்லுங்கள். துணிமணி வைக்கும் பக்கவாட்டுப் பெட்டிக்கும் சைலன்சருக்கும் இடையே போதிய இடைவெளி இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.